கல்லண்ணை முறித்த கொம்பு

கல்லோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்த மனிதர், எனக்குத் தெரிய, இந்த உலகத்தில் ஒருவர்தான். மில்லிக்கன் பிளாசாவில் நான் ரோல்ஸ் சுடும் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். சீனர். முத்திரைக் கல்லில் பெயரைக் கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கமாக வெட்டுவார். சிவப்பு மையில் தொட்டுக் குத்தினால் கடதாசியில் நேராக விழும். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் எவர் வாயிலும் சரியாக வரவில்லை. கல்லண்ணை ஆகிவிட்டார்.

முன்பு தொழிற்சாலையில் யாழ்ப்பாணத்து ஆட்களோடு நெடுங்காலம் வேலை செய்தவர். அதனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஏசுவதில் எங்களைவிடத் திறம்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோனேன். ஒரு கல்லை மூக்கோரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, தடிமனோ, மூக்கு ஒழுகுதோ?"

"கல்லுக்கு எண்ணெய் வைக்கிறன் தங்கச்சி. மனிச மூக்கில ஊறுற எண்ணெய் குடுக்கிற மினுக்கத்தைக் கடை எண்ணெய் குடுக்காது. உம்மடையும் நல்ல எண்ணெய் மூக்கு. கொஞ்சம் இரும்."

நான் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

உளி வைக்குமுன் கல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சில கற்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி.

"உவர் என்ன குற்றம் செய்தவர்?" ஒரு கல்லைக் காட்டிக் கேட்டேன்.

"தனக்குள்ள என்ன இருக்கெண்டு சொல்லுறாரில்லை. அவர் வாய் திறக்கட்டும், நானும் கதைப்பன்."

என் முதலாளி சிவா அண்ணை ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார். புதுவீடு புகும் குடிபூரலுக்கு ஒரு பிள்ளையார் வேண்டுமென்று கலண்டர் படமொன்றைக் கல்லண்ணையிடம் கொடுத்தார். அவர் பட்டுத்துணியில் சுற்றியிருந்த ஒரு கல்லை வெளியே எடுத்தார். ஷோஷான் கல், தன் ஊர் மலையில் எடுத்ததென்றார். எவர் கேட்டும் விற்காதது. நகம் பட்டாலே கோடு விழும் மாக்கல் இனம். தேன் நிறம், நடுவே பால்போல ஒரு வெள்ளை நரம்பு.

குடிபூரலுக்கு முதல்நாள் பின்னேரம் துணியை விலக்கினார். தேன் நிறத்தில் பிள்ளையார். அந்த வெள்ளை நரம்பு சரியாக இரண்டு பக்கமும் கொம்பாக வந்து முடிந்திருந்தது. கல்லுக்குள் அவர் முதலே இருந்திருக்கிறார்; கல்லண்ணை கதவைத்தான் திறந்துவிட்டிருக்கிறார்.

சிவா அண்ணை கும்பிட்ட கையை இறக்கினார். "அண்ணை, இதென்ன ரெண்டு கொம்பு?"

"உங்கட படத்தில ஒண்டு முறிஞ்சு கிடந்தது. அச்சடிச்சவன்ர பிழை. நான் திருத்திப்போட்டன்."

"ஐயோ! எங்கட ஆளுக்கு ஒரு கொம்பு முறிஞ்சுதான் இருக்கோணும். விடிஞ்சால் குடிபூரல். ஒருக்கா மெல்லமாத் தட்டிவிடுங்கோவன்."

கல்லண்ணை சிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நரம்பு தலை முழுக்க ஓடுது. கொஞ்சம் பிசகினால் முகம் பிளந்துபோம். பிளக்காட்டிலும் தட்டமாட்டன். முடிஞ்ச வேலையை உடைக்கிற கை இதில்லை."

சிவா அண்ணை தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். நான் பொதுவாக ஆட்களுக்கு நடுவில் வாய் திறப்பதில்லை. அன்று கல்லண்ணையிடம் திறந்தேன்.

"அண்ணை, அதை வேற ஆரும் முறிக்கேல்லை. பிள்ளையார் எழுதிக்கொண்டிருக்கேக்க எழுத்தாணி முறிஞ்சு போச்சு. எழுத்து நிக்கக்கூடாதெண்டு தன்ர கொம்பைத் தானே முறிச்சு எழுதினவர்."

"எழுதுறதுக்கோ?"

"ஓம் அண்ணை. எழுதத்தான்."

வாழ்நாளெல்லாம் எழுத்து வெட்டியவர் வெகுநேரம் பிள்ளையாரையே பார்த்தார். பிறகு ஆக மெல்லிய உளியை எடுத்து, கொம்பில் ஓரிடத்தை விரலால் தடவிப் பிடித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். வெள்ளைத் துண்டு துணியில் விழுந்தது. முகத்தில் மயிரிழைக் கீறல்கூட இல்லை. சிவா அண்ணை அழுதேவிட்டார்.

மறுநாள் ஸ்ரௌவ்வில்லில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். வாழைப்பழம் எடுக்க நான் சாமி அறைக்குத் திரும்பினேன். கல்லண்ணை தனியே நின்று, முறிந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கனக்க நொந்ததோ ராசா?"

சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிள்ளையாரைக் கும்பிட்டவள். அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டிருக்கிறேனே தவிர, ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.