மாமாவுக்கு மூன்று விலைப்புள்ளி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எத்தனையோ கோடிப் பேர் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் முறைப்படி குழு அமைத்து, விலைப்புள்ளி கோரி, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, தொழில்நுட்பத் தகுதியும் ஆராய்ந்த பிறகு எரிக்கப்படும் பெருமை என் மாமனார் ஒருவருக்குத்தான் கிடைக்கவிருந்தது. அந்தக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமா ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கடையில் விலை கேட்காமல் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. "மூணு விலை வாங்கு, அப்புறம் மூச்சு வாங்கு" என்பார். என்னை மாப்பிள்ளையாக எடுப்பதற்கு முன்பும் இன்னும் இரண்டு பேரைப் பார்த்து வைத்திருந்தார். மூவரில் நான்தான் குறைந்த விலை என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு காலை நேரத்தில் ஆஸ்பத்திரியில் யாரிடமும் விலை கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைக் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் வைத்துவிட்டு, ஏற்பாடு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ஏற்பாடு என்றால் எங்கள் குடும்பத்துக்குச் சொல்லியா தர வேண்டும். அன்று மாலையே மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தகனக் கொள்முதல் குழு கூடியது. தலைவர், மூத்த மச்சான், தொழில்முறைத் தணிக்கையாளர். உறுப்பினர்கள், என் மனைவியும், விமானம் பிடித்து வந்து இறங்கியிருந்த அவள் தம்பியும். செயலாளர் அடியேன். அத்தையைக் குழுவில் சேர்க்கவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்வது நாகரிகம் அல்லவே.

துக்கத்தில் இருந்த அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் மாமாவின் பழுப்பு ஸ்வெட்டர்.

"அவருக்குக் குளிர் ஆகாதுடா," என்றார் மூத்த மகனிடம். "ஃபேன் ஓடினாலே இதை எடுத்து மாட்டிக்குவார். அங்க ஒரு மெல்லிசுத் துணியப் போத்தி வெச்சிருக்காங்க. சீக்கிரம் வெளில எடுங்க. இதப் போட்டு அனுப்பிடலாம்."

"அம்மா, ப்ராசஸ் போயிட்டிருக்கு," என்றார் தலைவர்.

அந்தப் பதிலின் கம்பீரத்தை நான் குறிப்பில் அப்படியே பதிவு செய்தேன்.

மறுநாள் முதல் நிறுவனத்திலிருந்து ஒருவர் கோட்டு, டை சகிதம் வந்தார். அவர் விற்பனையாளர் இல்லையாம், "குடும்ப ஆலோசகர்". வழவழப்பான விளக்கப் புத்தகத்தை மேஜையில் விரித்து, வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று திட்டங்களை விளக்கினார். வெள்ளியில் வேன் உண்டு, பூ கிடையாது. தங்கத்தில் பூ உண்டு. வைரத்தில் பூ, வயலின், நேரடி ஒளிபரப்பு, தேக்கு நிறப் பெட்டி, கூடவே உலையின் பொத்தானை நீங்களே அழுத்திக்கொள்ளும் "உரிமை".

"பொத்தான நாங்க அழுத்தலைன்னா யாரு அழுத்துவாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"எங்க ஊழியர் மேடம்."

"அவர் அழுத்தினா விலை கம்மி. நாங்களே உழைச்சா ஜாஸ்தியா?"

"அது அனுபவம் மேடம்."

தலைவர் பெட்டிக்கு வந்தார். "இந்தப் பெட்டி எரிஞ்சிடுமா?"

"முழுசா எரிஞ்சிடும் சார்."

"அப்ப வார்னிஷ் எதுக்கு?"

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்கோம் சார். பூச்சி அரிக்காது. பத்து வருஷ உத்தரவாதம்."

ஒரு மணி நேரத்தில் சாம்பலாகப் போகிற பெட்டிக்குப் பத்து வருஷ உத்தரவாதம் தரும் நிறுவனம் எவ்வளவு நம்பிக்கையோடு தொழில் செய்ய வேண்டும். குழு நெகிழ்ந்துபோனது. விலையைக் கேட்டபோது நெகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. வைரத்தின் விலையில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கி, ஹெல்மெட்டும் வாங்கலாம்.

அப்போது அத்தை ஸ்வெட்டரை நீட்டிக் கேட்டார். "இதப் போட்டு அனுப்பலாமா தம்பி?"

ஆலோசகர் அதைத் தொட்டுப் பார்த்தார். "நைலான் கலந்திருந்தா உலைக்குள்ள விட மாட்டாங்கம்மா. ரப்பர், தோல் செருப்பு, கண்ணாடி, எதுவும் கூடாது. கம்பளின்னு சான்று இருந்தா பரிசீலிக்கலாம். வைரத் திட்டத்துல நாங்களே ஒரு அங்கி குடுத்துடறோம்."

ஸ்வெட்டரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாமா என்று குழு விவாதித்தது. முடிவு எட்டப்படவில்லை. அத்தை அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்து வந்த நிறுவனம் "நேரடித் தகனம்" என்ற நவீன முறையைக் கொண்டுவந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள், அவர்களே எரிப்பார்கள், அஸ்தி கூரியரில் வீடு தேடி வரும்.

"நாங்க எப்ப வரணும்?" என்று கேட்டார் தலைவர்.

"நீங்க வரவே வேணாம் சார். அதுதான் இதோட சிறப்பு."

மைத்துனனின் முகம் மலர்ந்தது. "அத்தான், இது ரொம்ப வசதியா இருக்கே. பார்சல் எங்க வருதுன்னு போன்ல பாக்கலாமா?"

"பாக்கலாம் சார். வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிடுவோம்."

இதுவும் குறிப்பில் ஏறியது. மூன்றாவது நிறுவனம் பசுமை நிறுவனம். சாம்பலோடு ஒரு மரக்கன்றும் தொட்டியும் தருவார்கள். புகையைக் கட்டுப்படுத்துவதால் கட்டணம் எடைக்குத் தகுந்தபடி. "எடை எவ்ளோ இருப்பார்?" என்று கேட்டார்கள். தலைவர் சட்டென்று முன்னால் சாய்ந்து, "கடைசி ரெண்டு மாசத்துல ரொம்ப இளைச்சிட்டார். பாத்துக் குறைச்சுப் போடுங்க," என்றார். தந்தையின் நோயைக்கூட வீணாக்காத மகன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்.

இடையில் ஒரு சட்டச் சிக்கல். மாமாவின் நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதை எடுக்காமல் உலைக்குள் அனுப்பினால் உள்ளே வெடித்துவிடுமாம். எடுத்துவிட்டதாக டாக்டரின் சான்று வேண்டும். முதல் நிறுவனம் இதற்கு "உபகரண நீக்கக் கட்டணம்" போட்டிருந்தது, இரண்டாவது "உள்ளுறுப்புச் சேவை" என்று போட்டிருந்தது, மூன்றாவது கருவியை மறுசுழற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லி அதற்கும் காசு கேட்டது.

"நாமதான அதுக்குக் காசு குடுத்து வாங்கினோம்? திருப்பிக் குடுத்தா எக்ஸ்சேஞ்ச்ல கழிப்பாங்களா?" என்று கேட்டான் மைத்துனன். பேட்டரி ஓரளவு பாக்கி இருக்கும் என்பது அவன் வாதம். நல்ல வாதம்தான்.

நகராட்சியின் தகனமேடையையும் குழு மறந்துவிடவில்லை. நான் நேரில் போனேன். அங்கிருந்த குமாஸ்தா கைப்பேசியில் ஏதோ பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு விலைப்புள்ளி வேணும். முத்திரையிட்ட உறையில."

அவர் தலை நிமிரவில்லை. "அதெல்லாம் தர்றதில்ல. ரேட்டு சுவத்துல இருக்கு பாருங்க."

சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. மற்ற மூவரின் விலைக்கு முன்னால் அது ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிட்டு எழுந்த பில் மாதிரி இருந்தது. ஆனால் சுவரை உறையில் போட்டு முத்திரையிட முடியாதே. விதிப்படி அவர்களைத் தகுதி நீக்கம் செய்தோம். அதற்கு மிகவும் வருந்தினோம் என்றும் எழுதிவைத்தேன்.

"எப்படா எடுப்பீங்க?" என்று அத்தை தினமும் கேட்டார்.

"மூணும் ஒரே அடிப்படையில இல்லம்மா. ஒப்பிட முடியல," என்றார் தலைவர். "ஒருத்தன் பூவச் சேத்திருக்கான், ஒருத்தன் செடியச் சேத்திருக்கான்."

"அவரு அங்க விறைச்சுப்போய்க் கெடக்கார்டா."

"இன்னும் தொழில்நுட்ப ஆய்வு மட்டுந்தாம்மா பாக்கி."

விலை ஏறிவிடக் கூடாதே என்று தலைவர் அன்றே முதல் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டி, பழைய விலையைப் பிடித்துவைத்தார். குளிர் அறைக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்ததை ஏனோ எந்த அட்டவணையிலும் சேர்க்க விட்டுப்போயிற்று.

ஆய்வு நாள் வந்தது. குடும்ப ஆலோசகர் தன் காரில் எங்கள் நால்வரையும் "எங்கள் நவீன உலை"யைக் காட்ட அழைத்துப்போனார். சந்தையைத் தாண்டி, பாலத்தடியில் புகுந்து, ஒரு பச்சை கேட்டின் முன்னால் கார் நின்றது. எனக்கு அந்தக் கேட் அடையாளம் தெரிந்தது. உள்ளே இருந்த கைப்பேசிக் குமாஸ்தாவையும் அடையாளம் தெரிந்தது.

"இது நகராட்சியோடது இல்ல?" என்று கேட்டார் தலைவர்.

"இடம் அவங்களோடது சார். அனுபவம் எங்களோடது."

கூரியர் நிறுவனத்தின் வேன் அங்கே ஓரமாக நின்றிருந்தது. பசுமை நிறுவனத்தார் மரக்கன்றுத் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் அடுப்பு ஒன்றுதான். "தொழில்நுட்பத் தகுதியில் மூவரும் சமம்" என்று எழுதிக்கொண்டேன். ஒரு தணிக்கையில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம் என்றார் தலைவர்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. உள்ள ஒண்ணு ஓடிட்டிருக்கு," என்றார் ஆலோசகர், புகைபோக்கியைக் காட்டி. "புகையப் பாருங்க சார். கருப்பே இல்ல. வாடை வருதா? வராது."

நால்வரும் அண்ணாந்து பார்த்தோம். மெல்லிய, வெளுத்த புகை. மைத்துனன் படம் எடுத்தான். தலைவர் திருப்தியோடு தலையசைத்தார். நான் மதிப்பெண் தாளில் புகை என்ற பத்திக்கு நேராகப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

"சத்தம் போடாதீங்க," என்றார் குமாஸ்தா. "சொந்தக்காரங்க உள்ள உக்காந்திருக்காங்க."

மரியாதைக்காக எட்டிப் பார்த்தோம். பெஞ்சில் அத்தையும் எதிர் வீட்டம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர்தான் கேட்டார். "அம்மா, இங்க என்ன பண்றே?"

"உங்கப்பாவக் கொண்டாந்தேன்."

"யாரு கையெழுத்துப் போட்டா?"

"நாந்தான். நெருங்கின சொந்தம் யாருன்னு கேட்டாங்க. சம்சாரம்னேன். அப்ப நீங்க போட்டாப் போதும்னாங்க. டாக்டர் சீட்டையும் அவரு அடையாள அட்டையையும் பாத்தாங்க. குழு இருக்கான்னு யாரும் கேக்கல."

"நெஞ்சுல இருந்த மெஷின்?" என்றான் மைத்துனன்.

"டாக்டரு அன்னைக்கே எடுத்துட்டுச் சீட்டும் எழுதிவெச்சிருந்தாங்க. காசெல்லாம் இல்லையாம். நீங்க யாரும் வந்து கேக்கலியேன்னாங்க."

"ஸ்வெட்டர்?" என்று கேட்டாள் என் மனைவி.

"கம்பளியான்னு கேட்டாங்க. நான் பின்னினது, எனக்குத் தெரியாதா? போட்டுத்தான் அனுப்பினேன். கைய மட்டும் நொழைக்க முடியல, விறைச்சுப்போச்சு. மேல போத்தி, பொத்தானப் போட்டுவிட்டேன்."

என் மனைவி அத்தையின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மாமா இறந்த பிறகு எங்களில் ஒருவர் அழுதது அப்போதுதான். நான் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மாமாவின் புகைக்கு மதிப்பெண் போட்ட கை அது. வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்பது நியாயமான மதிப்பெண் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் குழு கடைசியாகக் கூடி, நடந்துவிட்ட தகனத்துக்குப் பின்னேற்பு ஒப்புதல் வழங்கியது. அத்தை மேஜையின் ஓரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆலோசகரின் தொலைபேசி வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று தலைவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"முன்பணம் திருப்பித் தர்ற வழக்கமில்ல சார். ஆனா உங்களுக்காக ஒரு சலுகை. ஒரு வருஷத்துக்குள்ள உங்க குடும்பத்துல வேற யாராவது தவறினா, அதுல கழிச்சுக்கலாம்."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் அத்தையைத் திரும்பிப் பார்த்தோம்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இன்னிக்கு எனக்குத் துணைக்கு யாரு இருக்கப் போறீங்க? இந்த வீட்டுல நான் தனியாப் படுத்ததே இல்ல."

தலைவருக்கு விடிந்தால் ஒரு கம்பெனியில் தணிக்கை. மைத்துனனுக்கு விமானம். மனைவி குழந்தைகளின் பரீட்சையைச் சொன்னாள். நான் மனைவியை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று சொன்னேன். நான்கும் நியாயமான காரணங்கள். ஒருவர் காரணத்தை இன்னொருவர் மறுக்கவில்லை, விளக்கம் கோரவில்லை, திருத்தம் கொண்டுவரவில்லை. எங்கள் குழு விவாதமின்றி ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்.