குங்குமத்தையும் எண்ணிய மெசினும் புள்ளிச் சேரும்

அவரை விசர் மனிசன், கிறுக்கர் என்று மட்டும் சொல்லாதே பாக்கியம். பக்கத்து வீட்டுக்காரி என்று பார்க்கமாட்டேன், கோபம் வந்துவிடும். மட்டக்களப்பு வாவியில் எத்தனை மீன் இருக்கிறது என்று கேட்டால், இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு போய், எண்ணி முடித்து வந்து பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் புள்ளிச் சேர்தான்.

நான் கூட்டித் துடைக்கிற ஆய்வுகூடம் உனக்குத் தெரியும்தானே? டெங்குக் காய்ச்சலை ஆராய்கிற இடம். அங்கே இரத்தத்தைப் பார்க்கிறவர் அவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் புள்ளி எண்ணுகிற சேர், புள்ளிச் சேர்.

வேலை என்னவென்றால், உள்ளங்கை அளவு வெள்ளைத் தட்டு ஒன்று. அதில் குட்டிக் குட்டிக் குழிகள், தொண்ணூற்றாறு. எண்ணிச் சொன்னது நானில்லை, அவர்தான். ஒவ்வொரு குழியிலும் இரத்தத்தில் இருந்து பிரித்த உயிரணுக்களை விடுவார். சில குழிகளில் டெங்குக் கிருமியின் துணுக்கையும் சேர்ப்பார். முன்பு காய்ச்சலோடு சண்டை பிடித்த அணு, அந்தத் துணுக்கைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்ளுமாம். கண்டுகொண்டால், இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி விழும். கிருமி சேர்க்காத குழிகளும் உண்டு. அவை வெறுமையாக இருக்கவேண்டும். கடைசியில் கமரா வைத்த மெசின் ஒன்று குழி குழியாகப் படம் பிடித்துப் புள்ளிகளை எண்ணும்.

மெசின் எண்ணினால் போதாதா? போதாது. அதற்குப் பிறகு சேர் பூதக்கண்ணாடியோடு குந்திக்கொண்டு தானும் எண்ணுவார். மூக்கு தட்டில் முட்டும்.

எண்ணுவதற்கு முன்பு தட்டு சூட்டுப்பெட்டிக்குள் இருக்கிற நேரத்தில் அதிர்வு படக்கூடாது. அணு அசைந்தால் புள்ளி இழுபட்டு வால் முளைத்துவிடும் என்பார். அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் கள்ளர் மாதிரித்தான் நடக்கவேண்டும். நான் வாளியைக் கொஞ்சம் தொம்மென்று வைத்தால் போதும், கதவுக்குள்ளால் சேரின் தலை வரும்.

"அக்கா, பிள்ளைகள் நித்திரை!"

"ஆர்ர பிள்ளைகள் சேர்?"

"உள்ளுக்குக் கிடக்கிறவங்கதான். மெதுவா வைங்க."

ஒருநாள் ஏறாவூர்ப் பாண்காரர் சுடச்சுடப் பாண் ரொட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சேர் வெள்ளைக் கோட்டோடு றோட்டுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"தம்பி, பாட்ட நிப்பாட்டுங்க. எஞ்சினையும் நிப்பாட்டுங்க."

"அல்லாவே! பாட்டில்லாம பாண் எப்பிடி சேர் விக்கிற?"

"நான் தள்ளி விடுறன்."

தள்ளினார் பாக்கியம்! எங்கள் கேற்றிலிருந்து அடுத்த சந்தி வரைக்கும் பாண் ஆட்டோவைத் தள்ளினார். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் பாண் கிடைக்கவில்லை. சத்தமே இல்லாமல் போன ஆட்டோவை யார் கண்டது?

இனித்தான் என் கூத்து. அந்த மெசின் இங்கே இருக்கவேண்டுமா, கொழும்புக்குப் போகவேண்டுமா என்று பேச்சு வந்தது. ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்க்க அங்கிருந்து ஒரு டொக்டர் பிள்ளை வரப்போகிறாள் என்றார்கள். சேருக்குச் சோறு இறங்கவில்லை. மெசின் போனால், கதிரவெளி மீனவர்கள் தொழிலை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து தருகிற இரத்தமெல்லாம் பெட்டியில் கொழும்புக்குப் போகவேண்டும். போகிற வழியிலேயே அணுக்கள் பாதி செத்துவிடும் என்பார். சோதனைத் தட்டுக்கு டெங்கு வந்து சுகமான ஆளின் இரத்தம் வேண்டும் என்றதும் நான் கையை நீட்டினேன்.

டொக்டர் வருவதற்கு முதல்நாள் ஆயுத பூசை. குளிர்ப்பெட்டிக்குப் பொட்டு, சூட்டுப்பெட்டிக்குப் பொட்டு, நான் கூட்டுகிற தும்புத்தடிக்கும் பொட்டு. "எண்ணுற மெசினுக்கு மட்டும் வேணாம் அக்கா" என்று சேர் சொல்லிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. கண்டம் அதற்குத்தானே? எல்லாரும் அவலும் கடலையும் சாப்பிடப் போன நேரம் பார்த்து மூடியைத் திறந்தேன். நெற்றி எது என்று தெரியவில்லை. உள்ளே கண் மாதிரி ஒரு கண்ணாடி இருந்தது. கண்ணுக்கு மேலேதானே நெற்றி என்று சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தையும் ஒற்றி, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் டொக்டர் தட்டை வைத்தாள். மெசின் எண்ணியது. வெறுமையாக இருக்கவேண்டிய குழியில் முப்பத்தொரு புள்ளி. அடுத்ததிலும் முப்பத்தொன்று. அதற்கடுத்ததிலும் அதேதான்.

"சேர், ஒண்டுமில்லாத குழியிலயும் இப்பிடிக் காட்டினா இத எப்பிடி நம்புற? கொழும்புக்கு அனுப்பத்தான் வேணும்."

சேரின் முகத்தை எனக்குப் பார்க்க ஏலவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் தட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"டொக்டர், எல்லாக் குழியிலயும் ஒரே இடத்தில ஒரே புள்ளி. சீவனுள்ளது இப்பிடி வரிசைக்கு நிக்காது. தட்டு சுத்தம். அழுக்கு கண்ணாடியில."

மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். "சந்தனம் மணக்குது!"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மெசின் போய்விடுமே?

"நான்தான் சேர். எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத மட்டும் விட மனசு வரல்ல."

சேர் என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"டொக்டர், எழுதிக்கொள்ளுங்க. மெசின்ர கண்ணுல ஒரு பழுதும் இல்ல. கண்ணாடியில கொட்டின குங்குமத்தூளக்கூட ஒண்டு விடாம எண்ணியிரிக்கு."

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். வெறுங்குழிகள் வெறுமை. என் குழியில் மெசின் எண்பத்து மூன்று என்றது. டொக்டர் பேனையை எடுத்தாள்.

"பொறுங்க, எண்பத்து நாலு" என்றார் சேர்.

"ஒண்டுதானே சேர்!"

"ஒண்டுதானே எண்டா? இந்தா, ரெண்டு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. மெசின் ஒண்டெண்டு விட்டுட்டுது."

காப்பாற்றின மெசினை அவரே கொழும்புக்கு ஏற்றிவிடுவார் போல! கண் எரிய எரிய அந்தப் பிள்ளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "எண்பத்து நாலுதான். ஒரு புள்ளி வித்தியாசம் பெரிசில்ல. மெசினும் நீங்களும் இங்கயே இரிங்க சேர், ரெண்டு பேரையும் பிரிச்சா பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன மறுகா சேர் என்னைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியைக் கையில் தந்தார்.

"பாருங்க அக்கா, இதெல்லாம் உங்கட."

வெள்ளைக்குள்ளே ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. அந்தக் காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"நான் ஒண்டும் படிக்கல்ல எண்டு இனிச் சொல்லாதங்க. எண்பத்து நாலு பாடம் உள்ளுக்குள்ள மனப்பாடமாக் கிடக்கு."

இப்போது அந்த மெசினின் வெளி மூடியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதுதான் நெற்றியாம். என் வசதிக்காக.

ஐயோ பாக்கியம், நண்டுக்கறி அடிப்பிடிக்கிற மணம்! தள்ளு, தள்ளு, நான் போய் இறக்கவேண்டும். பகல் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சேர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு அகப்பை தேங்காய்ப்பால் விடவேண்டும், அந்த மனிசனுக்கு உறைப்பு ஏலாது.