நான்காம் வளாகத்துக் கையெழுத்து

ஒரு காட்டில் மரங்களைவிட அலுவலக அறைகள் கொஞ்சம்தான் குறைவு, ஏனென்றால் அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதற்கு நான்கு வளாகங்கள். மலை உச்சியில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, முள்காட்டில் ஒன்று, தாழங்காட்டுச் சதுப்பில் ஒன்று. ஒரே இடத்தில் கட்டியிருக்கலாம். ஆனால் இடம் பார்ப்பதற்காகக் கூடிய கூட்டத்தில், மலையை விட்டு இறங்க முடியாது என்று வரையாடு சொன்னது. தண்ணீரை விட்டு ஏற முடியாது என்று முதலை சொன்னது. கடைசியில் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு வளாகம் என்று முடிவாயிற்று. அதன்படி எல்லாருக்கும் மூன்று வளாகங்கள் தூரமாகிவிட்டன.

முள்காட்டு வளாகத்தில் மரகதம் என்ற அழுங்கு முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செதில், நீளமான நாக்கு, யாராவது குரலை உயர்த்தினால் பந்தாகச் சுருண்டுகொள்கிற சுபாவம். அதன் ஆராய்ச்சி கறையானைப் பற்றியது. எட்டு வருஷமாகப் புற்றுப் புற்றாக ஏறி இறங்கிப் பார்த்துக் குறித்து வைத்தது. பார்த்து முடித்த கறையான்களைச் சாப்பிட்டுவிடும். ஒருமுறை ஆய்வுக்குழு மாதிரிகளைக் காட்டச் சொன்னபோது, எல்லாம் உள்ளேதான் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி வயிற்றைக் காட்டியது.

எட்டாம் வருஷம் மழை பெய்யவில்லை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அந்தக் கோடையில் முள்காட்டு வளாகத்தின் பின்பக்கம் ஒரே ஒரு புற்றின் மண் மட்டும் ஈரமாக இருப்பதை மரகதம் கவனித்தது. இவ்வளவு வறட்சியில் கறையான்களுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பதினேழு நாள் கூடவே இருந்து பார்த்தது. புற்றுக்கு அடியில், ஒன்றிரண்டு முழ ஆழத்தில் ஊற்று இருக்க வேண்டும் என்று அதற்கு உறுதியாகிவிட்டது.

நேரே தன் நெறியாளரிடம் ஓடியது. அவர் பேராசிரியர் திருமேனி என்கிற நாரை. ஆற்றங்கரை வளாகத்தில் பணி என்பதால், வறண்ட ஆற்றின் நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய இன்னொரு காலும் கீழே இறங்கியது. பதினோரு வருஷத்தில் அந்தக் கால் தரையில் பட்டதை யாரும் பார்த்ததில்லை.

தோண்டிப் பார்த்துவிடலாமா என்று மரகதம் கேட்டது. தொண்டை வறண்டிருந்தாலும் பேராசிரியர் நிதானம் இழக்கவில்லை.

"ஆய்வேடு ஏத்துக்கிற வரைக்கும் அங்க தண்ணி இருக்குன்னு நாம சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்னு சொல்லலாம். இருக்கலாம்கிறதை யாரும் தோண்ட முடியாது."

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. அதில் நான்கு வளாகங்களின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முதல் இரண்டு சுலபமாகக் கிடைத்தன. மூன்றாவதற்கு மூன்று நாள் மலையேறிப் பதிவாளர் கொம்பையாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அது ஒரு காட்டெருமை. கெட்ட ஜீவன் இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தாழங்காட்டு வளாகத்தைப் பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசியது. பதினைந்து வருஷமாக அங்கிருந்து ஒரு புகார் இல்லை, ஒரு வேலைநிறுத்தம் இல்லை, ஆண்டறிக்கையில் எப்போதும் அதற்குத்தான் முதலிடம். "போய்ப் பாரு, கத்துக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பியது.

நான்கு நாள் நடை. வழியில் ஒரு மான்குட்டி நிழலில் கிடந்த கல்லை நக்கிக்கொண்டிருந்தது. மரகதம் நடையை வேகப்படுத்தியது.

தாழங்காட்டு வளாகத்தில் வாசல் இருந்தது. பெயர்ப்பலகை இருந்தது. ஆள் இல்லை. சதுப்பு வற்றிப்போய், அங்கே வேலை பார்த்த நீர்நாய்கள் எல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முன்பே வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டன. இயக்குநர் அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு முத்திரை. மேசைமேல் தலைமை அலுவலகக் கடிதங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: பதில் வராவிட்டால் அனைத்தும் நலம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

மரகதம் அங்கேயே சுருண்டு படுத்துவிட்டது. வெகுநேரம் கழித்து மான்குட்டியின் ஞாபகம் வந்தது. பந்து பிரிந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, படிவத்தில் முத்திரையைக் குத்தி, நகத்தால் ஒரு கிறுக்குக் கிறுக்கியது. கையெழுத்து அழகாகவே வந்தது. நாற்காலிக்குக் கைப்பிடிகூட இருந்தது.

மலைக்குத் திரும்பிப் படிவத்தை நீட்டியபோது, முத்திரையைப் பார்த்ததும் கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருஷத்தில் தாழங்காட்டிலிருந்து ஒரு பதில் வருவது இதுதான் முதல்முறை. கையெழுத்து யாருடையது என்று அது கேட்கவே இல்லை. இவ்வளவு பொறுப்பான இயக்குநர்தான் இந்த ஆய்வேட்டை மதிப்பிட வேண்டும் என்று உடனே உத்தரவு எழுதியது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாததால் ஆய்வேட்டுக் கட்டை மரகதத்தின் முதுகிலேயே ஏற்றிவிட்டது.

மறுபடி நான்கு நாள். இந்த முறை மரகதத்துக்கு ஒரே நினைப்புதான். நாற்காலியில் ஏறுவது, 'ஏற்கலாம்' என்று ஒரு வார்த்தை எழுதுவது, இறங்கி ஓடுவது.

ஏறி உட்கார்ந்தது. எதற்கும் முதல் பக்கத்தைப் பார்ப்போமே என்று புரட்டியது. அங்கேதான் எட்டு வருஷப் படிப்பு வேலையைக் காட்டியது. 'ஈரம்' என்றால் என்ன என்று இந்த மாணவி எங்கேயும் வரையறுக்கவில்லை. பார்த்தது ஒரே ஒரு ஈரப் புற்று. மூன்றாம் அத்தியாயத்தில் மேற்கோள்களே இல்லை. 'தண்ணீர் என்று எப்படிச் சொல்கிறார்? குடித்துப் பார்த்தாரா?' என்று ஓரத்தில் எழுதியது. பொழுது சாய்வதற்குள் அதற்கு அந்த மாணவிமேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. 'ஆய்வாளருக்கு அவசரம் அதிகம். இரண்டு வருஷம் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டது.

பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, மாணவியாக அந்த மதிப்புரையைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதது. ஒரு வரியில்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மதிப்புரையை மலையில் கொடுத்துவிட்டு மரகதம் முள்காட்டுக்குத் திரும்பியபோது வளாகத்தின் பின்பக்கம் ஒரே கூட்டம். வீரணன் என்கிற காட்டுப்பன்றி, வகுப்பறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள், கிழங்கு தேடிப் புற்றின் அடியில் மூக்கை விட்டிருக்கிறது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. மான்கள் முட்டி மோதிக் குடித்தன. குரங்குகள் ஒன்றின்மேல் ஒன்று கொப்பளித்தன. பேராசிரியர் திருமேனி இரண்டு காலையும் மடக்கி, தலை முழுக்கத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். மரகதமும் வயிறு முட்டக் குடித்தது. தன் கண்டுபிடிப்பின் ருசி அதற்குப் பிடித்திருந்தது.

அப்போது பதிவாளர் கொம்பையா மலையிலிருந்து இறங்கி வந்தது. முதலில் கால் மணி நேரம் குடித்தது. வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், இது எந்த அனுமதியின் பேரில் வருகிறது என்று கேட்டது.

கிழங்குதான் தேடினேன், இது தானாக வந்தது என்று வீரணன் சொன்னது. என் மாணவி முன்பே சொன்னதுதான் என்று பேராசிரியர் சொன்னார். கொம்பையா கோப்பைத் திறந்து மதிப்புரையை உரக்கப் படித்தது. அங்கே தண்ணீர் இருப்பதாகச் சொல்ல இயலாது என்று நமது முதன்மை வளாகமே எழுதியிருக்கும்போது, எல்லாரும் என்னத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வருத்தத்தோடு கேட்டது.

மரகதத்துக்குச் சுருண்டுகொள்ள வேண்டும் போல இருந்தது. சுருளாமல் முன்னால் வந்தது.

"அதை எழுதினது நான்தான் சார். அங்க வேற யாருமே இல்ல. பதினஞ்சு வருஷமா இல்ல."

கூட்டம் குடிப்பதை நிறுத்தியது. கொம்பையா கோப்பை மெதுவாக மூடியது. பதினைந்து ஆண்டறிக்கைகளிலும் அது கையெழுத்துப் போட்டிருந்தது. கடைசியில் மிகவும் மரியாதையாகத் தலையைத் தாழ்த்தியது.

"அப்ப இயக்குநர் நீங்கதானா? நிக்கிறீங்களே, உக்காருங்க."

அதற்குமேல் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஊற்றைச் சுற்றி ஐந்தாவது வளாகம் எழும்பியது. நீண்டகாலக் கிழங்கு ஆராய்ச்சிக்காக வீரணனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அது அங்கியைக் கடைசிவரை கழற்றவே இல்லை, சேற்றிலும்கூட. மரகதம் தாழங்காட்டில் நிரந்தர இயக்குநராயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்வேடு திருத்தப்பட்டு அதன் மேசைக்கு வருகிறது. அது ஒரு பக்கம் விடாமல் படித்து, 'முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நீதி: உங்கள் ஆய்வேடு நேர்மையானவர் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக, அது உங்கள் கையாக இருந்தால்.