பெரிய ஊதல்

பல் வலி என்று சொல்லிவிடலாம். பல் வலிக்காரியை யாரும் ஊதச் சொல்ல மாட்டார்கள். இல்லை, அதுவும் வேண்டாம். வலி என்றால் வாயைத் திற என்பார்கள், திறந்தால் மோந்து பார்ப்பார்கள். பதினோரு நாளாக என் வாயை மோந்து பார்ப்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் வேலை. வாடை வந்தால் ‘பாத்தியா’ என்கிறார்கள். வராவிட்டால் ‘புதினா மிட்டாய் தின்னிருக்கா’ என்கிறார்கள்.

தையல்காரி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது வரிசை இரண்டடி நகர்ந்தது.

வரிசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூடிப்போன சோபாக் கடையின் வாசலில் தொடங்கி, மருந்துக்கடையைச் சுற்றி வளைத்து, பேருந்து நிறுத்தத்தையும் அது விழுங்கியிருந்தது. பேருந்துக்காக நின்ற ஒருவர் எப்படியோ இதற்குள் மாட்டிக்கொண்டு டோக்கனும் வாங்கிவிட்டார். அவருக்குக் குடிப்பழக்கமே இல்லை. “வந்தது வந்துட்டோம், பாத்துட்டுப் போவோமே” என்றார். நம் மக்கள் பாதிக் காரியங்களில் இறங்குவது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

உள்ளே இருந்தவர் ஊதல் ஐயா.

அவர் ஊருக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மருத்துவர்கள் கைவிட்டவர்களை எல்லாம் ஊதியே காப்பாற்றிவிட்டாராம். விஷயம் எளிது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் கொடுப்பார். குடிகாரர் அதில் ஒரு குழாயை விட்டு ஊத வேண்டும். சிறிது நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளைதான் உள்ளே தங்கியிருந்த குடி விஷம். விடாமல் ஊதினால் வெள்ளை மறைந்து தண்ணீர் மறுபடி தெளியும். விஷம் தீர்ந்தது, குடியும் தீர்ந்தது. வெள்ளை வரும் வரை ஊதுவது சாதா ஊதல், நின்றுகொண்டே ஊதலாம். வெள்ளை போகும் வரை ஊதுவது பெரிய ஊதல். அதற்குக் காணிக்கை அதிகம், ஐயாவின் பக்கத்தில் சோபாவில் உட்காரலாம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா.

ஒருவர் ஊதியதில் தம்ளரே வெடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வெடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவருடைய மைத்துனரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

தையல்காரி குடிப்பாள் என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாது. மெஷின் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருக்கும். நடுப்பகலில் ஒரு மடக்கு, கடையைச் சாத்துமுன் ஒரு மடக்கு என்றுதான் ஆரம்பித்தது. மடக்குகள் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகின. பன்னிரண்டு நாள் முன்பு ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப் போக பேண்ட் ஒன்றைக் கால் குறைக்கக் கொடுத்தார். இடது காலை அவள் இரண்டு முறை வெட்டினாள். வலது காலை வெட்டவே இல்லை. மாலையில் அவர் வந்து போட்டுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தேர்வுக்குப் போட வேறு பேண்ட் இல்லாததால், அப்படியே போனார்.

டேப்தான் இழுபட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவள் முதலில் டேப்பைத் திட்டினாள். பிறகு நீளம் தெரிந்த ஒரு பொருளை, மெஷின் பலகையை, அதே டேப்பால் அளந்தாள். நாற்பத்திரண்டு அங்குலம், நூல் பிசகவில்லை. டேப் சரியாகத்தான் இருந்தது. அவள் பாட்டிலை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பாட்டிலுக்காகக் கொஞ்சம், பேண்டுக்காகக் கொஞ்சம்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் பின்புற அறையில் வியாழக்கிழமை மாலை கூடும் குடி விட்டவர்கள் கூட்டத்துக்குப் போனாள். மொத்தம் ஏழு பேர். அங்கே பெயர் கேட்பதில்லை, நாள் கேட்பார்கள். இவளுக்குத் துணையாக இருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவரை எல்லோரும் ‘நாலு வருஷம்’ என்றே கூப்பிட்டார்கள். அவர் தினமும் காலையில் போன் செய்வார். இன்றும் செய்தார்.

“என்னம்மா, நேத்து?”

“தொடல.”

“அப்ப இன்னைக்குப் பதினொண்ணு. டீ குடிச்சியா?”

“ஊதப் போறேன்.”

“டீயையா?”

அவள் ஐயாவைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் நெடிய மூச்சு ஒன்று கேட்டது. “போய்ட்டு வா. ஊதினா குடி போகும்னா நான் பலூன் வித்தே விட்டிருப்பேன். சாயங்காலம் கை நடுங்குச்சுன்னா கூப்பிடு.”

அவளை இங்கே இழுத்து வந்தவள் நாத்தனார். கணவனின் தங்கை, வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவள், தொட்டவர்களை மன்னிக்காதவள். ஐயாவிடம் டோக்கன் கொடுக்கும் சேவையில் இருந்தாள்.

“அந்த ஆஸ்பத்திரி ரூமுக்கு இனிமே போகாதீங்க அண்ணி. நாலு பேர் பாக்கறாங்க, எனக்கு மானம் போகுது.”

“இங்க நானூறு பேர் பாக்கறாங்களே.”

“இது பக்தி. பக்தியில பாத்தா தப்பில்ல. பெரிய ஊதல் போட்டிருக்கேன், ஒரே நாள்ல முடிஞ்சுரும்.”

“அவ சொல்றதைக் கேளேன்,” என்றான் கணவன். அவன் பூட்டு ரிப்பேர்காரன். வீட்டு அலமாரிகளுக்கெல்லாம் அவன் போட்ட பூட்டுகளைப் பொத்தான் ஊசியால் திறந்தவள் இவள். பூட்டில் நம்பிக்கை போனதும் அவனுக்கு ஊதலில் நம்பிக்கை வந்திருந்தது.

இவர்களுக்கு முன்னால் பேருந்துக்காரரின் முறை வந்தது. அவர் ஊதினார். தண்ணீர் வெளுத்தது.

“மறைச்சு வெச்ச குடி,” என்றார் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு.

“ஐயா, நான் குடிக்கறதே இல்லீங்களே!”

“யோசி.”

பேருந்துக்காரர் யோசித்தார். முகம் கோணியது. “ஒரு தடவ ஆபீஸ்ல ரம் கேக் சாப்பிட்டேன் ஐயா!” என்று கதறினார். கூட்டம் உருகியது. இத்தனை வருடம் தான் ஒரு குடிகாரன் என்று தெரியாமலே வாழ்ந்துவிட்டதை எண்ணி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

தையல்காரி சோபாவில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. குழாயை வாயில் வைத்து ஊதினாள். குமிழிகள் வந்தன, பின்னாலேயே வெள்ளை.

“பதினோரு நாள் தொடலைன்னு சொன்னியாமே?” என்றார் ஐயா. “இவ்வளவு விஷம் இருக்கு. நிறுத்தினது உன் நினைப்பு. நிறுத்தப் போறது நான். இந்த ஊதல் முடிஞ்சா அப்புறம் விஷம் ஒட்டாது. விசேஷ நாள்ல ஒரு வாய் வெச்சாக்கூட உடம்பு ஏத்துக்காது, பயமே இல்ல.”

ஒரு வாய்.

அவளுக்குள் பதினோரு நாளாகச் சுருண்டு படுத்திருந்த ஒருத்தி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஐயா நல்லவர் என்றாள் அந்த ஒருத்தி. ஐயா சொல்வதைக் கேள். ஊது, தெளியும். தெளிந்த பிறகு ஒரே ஒரு வாய், நீயே கேட்கவில்லை, அவராகச் சொன்னார். எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இது உண்மையாக இருக்க வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பதைப் பார்த்துத் தையல்காரிக்கே பயம் வந்தது. இத்தனை ஆசையோடு அளந்தால் எந்த அளவும் தப்பாகத்தான் வரும். முதலில் டேப்பைப் பார்க்க வேண்டும்.

குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். குடிக்காதவங்க ஊதினா தண்ணி எப்படி இருக்கும்?”

“பளிங்கு மாதிரி இருக்கும்.”

“யாராவது ஊதிப் பாத்திருக்காங்களா?”

“குடிக்காதவன் எதுக்கும்மா இங்க வர்றான்?” கூட்டம் சிரித்தது. நல்ல பதில் அல்லவா!

“எங்க நாத்தனார் ஊதட்டுமே. அவங்க இருமல் மருந்துகூட விசாரிச்சுட்டுத்தான் குடிப்பாங்க.”

நாத்தனாருக்கு அதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? டோக்கன் கட்டைத் தன் கணவனிடம்கூட நம்பிக் கொடுக்காதவள், அண்ணன் கையில் திணித்துவிட்டு வந்தாள். “நல்லாப் பாருங்க, குடும்பத்துல ஒருத்தராவது எப்படி இருக்கணும்னு” என்று சொல்லிவிட்டு, புதுத் தம்ளரில் ஊதினாள்.

பால்.

யாரோ ஒரு பெண், “அடிப்பாவி!” என்றாள்.

“எப்ப இருந்துடி?” என்றான் அண்ணன். அவன் குரலில் அதிர்ச்சியோடு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

“அண்ணா! நான் தொட்டதே இல்ல! சத்தியமா!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றார் பேருந்துக்காரர், அனுபவசாலியின் பரிவோடு. “நல்லா யோசிம்மா. கேக்கு, கீக்கு?”

இங்கேயாவது நான்கு பேருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பொறி தட்டுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. தண்ணீரைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாத்தனாரைச் சந்தேகிக்க அத்தனை பேரும் முந்திக்கொண்டார்கள். வாசல் காவலாளி ஊதினார், வெள்ளை. மருந்துக்கடைக்காரர் ஊதினார், வெள்ளை. கணவரை அழைத்து வந்திருந்த டீச்சர் ஒருவரின் மகள், மூன்றாம் வகுப்பு, “நானும் நானும்” என்று குதித்து ஊதினாள். சுத்தமான வெள்ளை.

“மூணாங்கிளாஸ்லயேவா!”

“இப்பத்த பள்ளிக்கூடம் அப்படித்தான் இருக்கு.”

டீச்சர் முகம் சிவந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

ஐயா சமாளித்தார். “குடிகாரன் விட்ட காத்து உலகம் பூரா பரவிக் கெடக்கு. அதைச் சுவாசிச்ச எல்லாருக்கும் விஷம் உண்டு. எல்லாருமே ஊதணும்!” வியாபாரம் விரிவடைந்த வேகத்தில் அவருக்கே மூச்சு முட்டியது.

“ஐயாவுக்கும் உண்டா?” என்றாள் தையல்காரி. மெல்லத்தான் கேட்டாள்.

அவர் பதில் சொல்லுமுன் பக்தர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஐயாவுக்கா? ஐயா ஊதினா பளிங்கு!” “வைரம்!” “ஊதிக் காட்டுங்க ஐயா, இவ வாயை அடைங்க!” சந்தேகப்பட்டது ஒருத்திதான். அவரைப் பிடித்து உட்கார வைத்துத் தம்ளரை நீட்டியது நம்பியவர்களின் கூட்டம்.

ஐயா விரதம் என்றார். தொண்டை என்றார். நாத்தனார் விடவில்லை. அவள் மானம் அந்தத் தம்ளரில் மிதந்துகொண்டிருந்தது. “நீங்க ஊதி அது வெளுக்கலைன்னாத்தான் நான் எதுக்கு வெளுத்தேன்னு எனக்குத் தெரியும் ஐயா!” என்று குழாயை அவர் உதட்டில் சொருகினாள்.

ஐயா கன்னத்தை உப்பினார். கண்ணை உருட்டினார். நரம்பு புடைத்தது. தண்ணீர் பளிங்காகவே இருந்தது.

“பாத்தீங்களா!” என்று கத்தினார்கள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி தம்ளரின் அருகே போய்ப் பார்த்தாள். “குமிழியே வரல. மாமா ஊதவே இல்ல. சும்மா கன்னத்தை வெச்சிருக்கார்,” என்று அந்த உப்பிய கன்னத்தை ஒரு விரலால் குத்தினாள்.

புஸ்ஸென்று போனது. ஒரு முறை திறந்த மூச்சை அவரால் அடக்க முடியவில்லை. இருமினார், மறுபடி இருமினார், குழாய் வழியாகக் குமிழிகள் கொப்பளித்தன. தம்ளர் நிறையப் பால்.

அப்போதுதான் டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். “அது சுண்ணாம்புத் தண்ணி. கலக்கி, அடியில தங்க விட்டு, மேல தெளிஞ்சதை எடுத்தது. மூச்சுக் காத்து பட்டா யாருக்கும் வெளுக்கும். இன்னும் ஊதினா தெளியும். நான் வருஷா வருஷம் சயின்ஸ் வகுப்புல செஞ்சு காட்டறேன்.”

“தெரிஞ்சுமா டீச்சர் வரிசையில நின்னீங்க?”

டீச்சர் தரையைப் பார்த்தார். “அது பாடம். இது வேறன்னு நெனச்சேன்.”

சோபாவுக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கிக் காவலாளி பார்த்தார். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு, வாளி நிறைய. ஐயா எழுந்து ஓட முயன்றார். வியர்வையில் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. வாசலைத் தாண்டும் வரை அது பின்னால் படபடத்துக்கொண்டே போனது. ஊதல் ஐயா ஊரை விட்டுப் போன கடைசி ஒலி அதுதான்.

“எனக்குக் குடிப்பழக்கம் இல்ல!” என்று பேருந்துக்காரர் அழுதார். இந்த முறை ஆனந்தத்தில்.

நாத்தனார் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள். அரை மணி நேரம் குடிகாரியாக இருந்து பார்த்ததில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஒருத்தருமே நம்பல அண்ணி.”

“ம்,” என்றாள் தையல்காரி.

காலியான சோபா நடுவில் கிடந்தது. கூட்டம் அதைப் பார்த்தது. பிறகு தையல்காரியைப் பார்த்தது. அடுத்த ஆளைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆனது. முந்தைய ஆளைச் சந்தேகிக்க ஆறு வாரம் போதவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

“ஊதாமலே பதினோரு நாள் விட்டிருக்காங்க. ஏதோ சக்தி இருக்கு,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“உக்காருங்கம்மா,” என்று ஒரு பெண் சோபாவைத் தன் துணியால் துடைத்தாள். அவள் கணவன் சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான். குழாயடியில் பிடித்த நல்ல தண்ணீர் ஒரு தம்ளரில் நிறைந்து அவள் கையில் இருந்தது. “இதைத் தொட்டுக் குடுங்க, போதும். இவருக்குக் குடுக்கறேன்.”

அந்தப் பெண்ணின் கண்களைத் தையல்காரிக்குத் தெரியும். வீட்டில் மோந்து பார்க்கிற கண்கள் அவை. களைத்துப் போனவை.

“நான் தொட்டா ஒண்ணும் ஆகாதும்மா. எனக்கே நாளைக்குப் பன்னெண்டு ஆகுமான்னு தெரியாது. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரூம் ஒண்ணு இருக்கு. அவர் கண்ணு முழிச்சதும் கூட்டிட்டு வாங்க.”

“அங்க யார் ஊதுவாங்க?”

“யாரும் ஊத மாட்டாங்க. பேசுவாங்க. சோபா கிடையாது, மடக்கு நாற்காலிதான். அவங்கவங்க நாற்காலியை அவங்கவங்களே விரிச்சுக்கணும்.”

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. இதில் வெள்ளையும் இல்லை, தெளிவும் இல்லை, தானே செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. “அதெல்லாம் சரி. ஒரு தடவ தொட்டா என்ன குறைஞ்சு போயிடும்?” என்றது ஒரு குரல். நாத்தனார்கூட முழங்கையால் லேசாக இடித்தாள். “தொட்டுக் குடுத்துடுங்களேன் அண்ணி. எல்லாரும் கேக்கறாங்க.”

தம்ளர் இன்னும் அருகே வந்தது.

தையல்காரியின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இல்ல,” என்றாள்.