சொன்னதில் பாதி

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பொய்யைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். இன்னொன்றுக்குச் சுவரில் இடமில்லை. ஆகவே, உடம்பளவில் எல்லோரும் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு உங்கள் தம்பிக்குப் போன் செய்யுங்கள், நடுவில் செய்துவிடாதீர்கள்.

நம் சலவைக்கூடத்துக்கு வரும் துணியில் முக்கால்வாசி அந்தப் பெரிய ஓட்டலுடையது என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி அவர்களுக்கு வேலை செய்கிற சிறு நிறுவனங்கள் எல்லாம் தாங்கள் வெளியேற்றும் கரியமில வாயுவை அளந்து, வருடா வருடம் குறைத்து, கடைசியில் நெட் ஜீரோ, அதாவது மொத்தக் கணக்கில் பூஜ்யம், என்ற நிலைக்கு வர வேண்டுமாம். வழிகாட்ட ஓர் ஆலோசகரையும் அனுப்புவார்களாம். உங்கள் தம்பி அதை இரண்டு முறை படித்தார். “நான் ஸ்கூல்ல ஜீரோ வாங்கினப்ப எங்கப்பா பெல்ட்டைக் கழட்டினாரு. இப்ப அதை வாங்கறதுக்கு டியூஷன் வைக்கிறாங்களா?” என்றார். பெல்ட் விஷயம் உண்மையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆலோசகராக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பொறுமை. கொதிகலன் குடிக்கும் டீசல், உலர்த்தும் இயந்திரம் இழுக்கும் மின்சாரம், வேன் ஓடும் தூரம் எல்லாவற்றையும் கேட்டாள். போன வருட ரசீதுகள் எங்கே என்றாள். அவை உங்கள் தம்பியின் சட்டைப் பையில் இருந்தபடியே துவைக்கப்பட்டு, பொங்கல் பதத்துக்கு வந்துவிட்டன என்பதை நான்தான் சொன்னேன். “பரவாயில்ல மேடம், அடுத்த ஒரு மாசம் மட்டும் அளந்து எழுதுங்க. அதையே பன்னிரண்டால பெருக்கிக்கலாம். சார், இது பரீட்சை இல்ல, உள்ளபடி எழுதினா போதும்” என்றாள். “உள்ளபடி சொல்ல நாங்க என்ன டாக்டர்கிட்டயா வந்திருக்கோம்?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள், கணக்கு குறைவாகத் தெரியட்டும் என்று, உலர்த்தும் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டினார். ஒரு மாதம், அண்ணி. தினம் வரும் இருநூறு விரிப்புகளையும் ஈரத்தோடு நான்கு மாடி தூக்கி மொட்டை மாடியில் காயப்போட்டோம். படுக்கையில் மேலே தெரிகிற பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி. வேனை நிறுத்திவிட்டு ஒரு தள்ளுவண்டி எடுத்தார். டிரைவர், அவரை நாங்கள் ‘அவசரம்’ என்று கூப்பிடுவோம், ஏனென்றால் ஒருநாளும் அவசரப்பட மாட்டார், வாழ்க்கையில் முதல்முறையாக வியர்த்தார். துணி மடிக்கும் எட்டுப் பெண்களும் விளக்கில்லாமல் ஜன்னலோரம் நெருக்கியடித்து நின்று மடித்தார்கள். மூன்றாவது வாரம் மழை. விரிப்புகளை வீட்டுக்குள் கதவு, நாற்காலி, கட்டில் என்று எல்லாவற்றின் மீதும் போட்டோம். பாத்ரூம் எங்கே என்று தேடிப் போக வேண்டியிருந்தது. நாற்பது விரிப்புகளைப் புறா எச்சம் என்று ஓட்டல் திருப்பி அனுப்பியது. “எச்சம் கார்பன்ல சேராதில்ல?” என்று என்னிடம் கவலையாகக் கேட்டார்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான்தான். படித்தவள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நான் ஏன் திறக்கவில்லை என்று பல நாளாக யோசிக்கிறேன். பதினெட்டு வருடமாக அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். கத்திப் பேசினால் வேலை விஷயம் மட்டும்தான் பேச முடியும். அது நின்ற இரண்டாம் நாள், மாடியில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “நீ வேலை செய்யும்போது பாடுவியா? எத்தனை நாளா?” என்று கேட்டார். நான் எப்போதும் முணுமுணுப்பதுதான். அவர் காதில் விழுந்தது அன்றுதான். இதற்குப் பிறகு, அந்த மாதக் கணக்கை எழுதிய படிவத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடு என்றார், போட்டேன். வேறென்ன சொல்ல.

மாதம் முடிந்ததும் டேப்பைப் பிய்த்து இயந்திரத்தைப் போட்டாயிற்று. பிறகு அந்தப் பெண் எங்கள் கணக்கின் அறிக்கையோடும், சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தோடும் வந்தாள். திட்டத்தில் சேர்ந்த சலவைக்கூடங்களிலேயே நாங்கள்தான் மிகக் குறைவாம். உங்கள் தம்பி பத்திரத்தை உடனே வாசலில் மாட்டி, தபால்காரர் வரைக்கும் நிறுத்திக் காட்டினார். அறிக்கையின் அடுத்த பக்கத்தை அவள் அதன் பிறகுதான் புரட்டினாள். “இதுதான் சார் உங்க ஆரம்பக் கணக்கு. இதுலேர்ந்து இந்த வருஷம் பத்தில் ஒரு பங்கு குறைக்கணும். அஞ்சு வருஷத்துல பாதி.” “எதுல பாதி?” “நீங்க சொன்னதுல பாதி சார்.” நாங்கள் சொன்னதே உள்ளதில் பாதி, அண்ணி. குறைப்பது இருக்கட்டும், இருந்த இடத்தில் இருந்தாலே கணக்கு இரட்டிப்பாகத் தெரியும். தெரிந்தால் ஓட்டல் நம்மை நீக்கிவிடும். அது எழுத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. போகும்போது என்னிடம் மட்டும், “திருத்தப் படிவம்னு ஒண்ணு இருக்கு மேடம். நிறைய பேர் குடுக்கறாங்க. சார் கையெழுத்துப் போட்டா சரியான கணக்குலேர்ந்து தொடங்கிக்கலாம், பழைய இயந்திரத்தை மாத்தவும் உதவி கிடைக்கும். இந்த மாசக் கடைசிக்குள்ள வேணும்” என்றாள். படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். “அப்போ வாசல்ல மாட்டினதை நீயே போய்க் கழட்டு, தபால்காரன்கிட்டயும் நீயே சொல்லு” என்றார். அன்றிலிருந்து ஒன்பது நாளாக என்னோடு பேச்சில்லை. நான் எதிரில் நிற்கும்போதே டிரைவரிடம், “அந்தம்மாவைச் சாவி எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்கிறார். அவசரம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சாவியை வைத்துவிடுகிறேன்.

அவர் உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் பயப்படுவார். என் பேரை எடுக்காமல், எப்படியாவது அந்தக் கையெழுத்தைப் போட வையுங்கள். எட்டுப் பெண்களின் வேலை அதில் இருக்கிறது. அவமானத்துக்கு இவ்வளவு விலை கூடாது.

அண்ணாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன். அதுவாவது குறைகிறதா பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஓட்டலிலிருந்து தகவல் வந்துவிட்டது. தங்கள் பங்குக்கு அவர்களும் குறைக்கிறார்களாம். அடுத்த மாதத்திலிருந்து, தங்குபவர்கள் கேட்டால்தான் விரிப்பு மாற்றுவார்களாம். நமக்கு வரும் துணி மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பெண்ணே போன் செய்தாள். இந்த வருட இலக்கை, நாங்கள் எழுதிய அந்தக் கணக்குப்படியே, ஒன்றும் செய்யாமலே தாண்டிவிடுவோமாம். வாழ்த்துகள் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆகவே படிவத்தைப் பற்றி உங்கள் தம்பியிடம் எதுவும் பேச வேண்டாம். அவர் என்னோடு பேசிவிட்டார். “எட்டுப் பேர்ல யாரை நிறுத்தறது, நீயே சொல்லு” என்று கேட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.