கிராக்கி

பேராசிரியரின் பொருளாதார வகுப்பில் எட்டே பேர். குறைந்தது இருபது பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை வணிகப் பள்ளியின் டைரக்டர் நேரில் வந்து தலைகளை எண்ணுவார்; தேறாவிட்டால் பாடத்துக்கு மூடுவிழா. அந்தப் பாடமும் போனால் பேராசிரியருக்கு மிஞ்சுவது ஹாஸ்டல் மெஸ் கமிட்டிதான்.

"தட்டுப்பாடு வந்தாத்தான் கிராக்கி வரும்" என்றார் மனைவியிடம். அவளும் அதே வணிகப் பள்ளியில்தான் மார்க்கெட்டிங் கற்பிக்கிறாள். அவள் வகுப்பில் நிற்கக்கூட இடமிருக்காது.

"ஆளே வராத கடைக்கு டோக்கன் எதுக்குங்க?"

அவர் கேட்கவில்லை. 'இருபது இடங்கள் மட்டுமே' என்று அறிவிப்பு ஒட்டினார். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள்.

வராதவன் ஒருவனை வராந்தாவில் மடக்கினார். "என்னப்பா, விட்டுட்டியா?"

"இடம் கம்மின்னு போட்டிருந்தீங்களே சார். வேணுங்கிறவங்க யாராச்சும் படிக்கட்டும்னு விட்டுக்கொடுத்துட்டேன்."

சுலபமாகக் கிடைப்பதற்கு மதிப்பேது? நுழைவுத் தேர்வு வைத்தார். இருவர் எழுதினார்கள். ஒருவன் தேறவில்லை. தேறியவள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் மட்டும் உக்காந்தா ஒரு மாதிரி இருக்கும் சார்" என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. காரில் மனைவி கேட்டாள்: "இன்னைக்கு உங்க கிளாஸ் எந்த ரூம்ல?"

"பெரிய ஹால்ல. எங்க இருந்தா என்ன? நாற்காலிகளுக்குத்தானே பாடம் எடுக்கப்போறேன்."

அவள் போனில் எதையோ தட்டிக்கொண்டு வந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாலுக்குள் நுழைந்தவர் அறை மாறிவிட்டதோ என்று வெளியே வந்து கதவெண்ணைப் பார்த்தார். ஒரு நாற்காலி காலியில்லை. சுவரோரம் நாலைந்து பேர் நின்றார்கள். பின்னாலேயே வந்த டைரக்டர் பாதி வரை எண்ணிவிட்டுக் கைவிட்டார்.

பேராசிரியர் அன்று வெளுத்து வாங்கினார். தட்டுப்பாடு பற்றித்தான் பாடம். ஒருவரும் அசையவில்லை. டைரக்டர் பாதியில் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"பாடம் தொடரட்டும் சார். இப்படி ஒரு கூட்டம் நான் பார்த்ததில்லை."

மணி அடித்தது. அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் பெருமிதத்தோடு மேடையிலிருந்து இறங்கினார்.

"கிளாஸ் முடிஞ்சிருச்சும்மா. கிளம்பலாம்" என்றார் முதல் வரிசைப் பெண்ணிடம்.

"எழுந்தா இடம் போயிடும் சார். அடுத்தது இதே ஹால்ல மார்க்கெட்டிங் மேடம் கிளாஸ். உக்கார இடம் கிடைச்சவங்களுக்கு மட்டும்தான் பாடம்னு காலைலதான் மெசேஜ் போட்டாங்க."