பட்டப்பகலில் எதுக்கு பிளாஷ்?

மனிதர்களில் வெளிச்ச அண்ணாச்சி என்றொரு வகை உண்டு. காதுகுத்தோ கல்யாணமோ, யார் கையில் கேமரா இருந்தாலும் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்து, உள்ளங்கையை நீட்டி வெயிலை எடை போட்டு, கடைசியில் "லைட்டு சரியில்லையே" என்பார். எப்படி இருந்தால் சரி? அதை மட்டும் சொல்ல மாட்டார்.

தென்காசியில் இந்த வகைக்கு இலக்கணம் கோமதிசங்கர். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே கேமரா வாங்கியவர். பிளாஷ் விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம்: இருட்டினால் போடு, விடிந்தால் அணை.

போன ஆடியில் ஒருநாள் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. ராணுவத்தில் இருக்கும் மருமகன் மணிமுத்து அன்று இரவே ரயிலேற வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு குடும்பப் படம்கூடக் கிடையாது. மகள் உமாதேவி, அப்பாவை நம்பாமல், ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயபிரியாவைச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அதுவே அவருக்குச் சுருக்கென்றிருந்தது.

பூக்களெல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. வெயிலோ மேற்கு மலைப்பக்கம் சாய்ந்துவிட்டது. பூக்களின் முகம் தெரிய எடுத்தால் சூரியன் ஆட்களின் முதுகுக்குப் பின்னால். ஜெயபிரியா பிளாஷை மாட்டினாள்.

"ஏம்மா, பட்டப்பகல்ல எதுக்கு பிளாஷு?"

"மூஞ்சி கருத்துரும் அண்ணாச்சி. வானத்து வெளிச்சத்துக்குக் கேமராவை அளந்து வச்சிட்டேன். பிளாஷைக் குறைச்சு, மூஞ்சில விழுத நிழலுக்கு மட்டும் லேசாக் கொடுத்தாப் போதும்."

"நான் எடுக்கேன், பாரு!"

எடுத்தார். வானம் தங்கமாக வந்தது, குடும்பமே கரிக்கட்டை. விடுவாரா? சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தம் பிளாஷை முழுவேகத்தில் அடித்தார். மணிமுத்து மாவில் புரண்டவனாகத் தெரிந்தான். குழந்தை வீறிட்டது. சூரியன் மலையைத் தொட இன்னும் நாலு விரற்கடைதான். அவரோ மூன்றாவது முறையாகப் பொத்தான்களை நோண்டினார்.

"எப்பா," உமாதேவியின் குரல் உடைந்தது. "அவுக இனி அடுத்த ஆடிக்குத்தான் வருவாக. ஒரு படம்ப்பா."

கோமதிசங்கர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கேமராவைத் தாழ்த்தினார்.

"மாமா, நீங்களும் வாங்க. எந்தப் படத்துலயும் உங்களக் காணும்" என்று மணிமுத்து கையைப் பிடித்து இழுத்தான். போய் நின்றார். தாத்தாவின் மீசையைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியது. ஜெயபிரியா ஒரே ஒரு தடவைதான் அமுக்கினாள்.

அந்தி வானம் அப்படியே இருந்தது. நாலு முகமும் தெளிவாக இருந்தன. பிளாஷ் விழுந்த சுவடே இல்லை. அதுதானே அவள் கெட்டிக்காரத்தனம்?

மருமகன் அந்தப் படத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு ரயிலேறினான். மறுநாள் கோமதிசங்கர் ஐந்தருவிப் பக்கம் போய், நண்பர் இசக்கிமணியிடம் செல்போனை நீட்டினார்.

"பாத்தியாலே? வெறும் சூரிய வெளிச்சம். பிளாஷே போடல. நான்தான் பக்கத்துல நின்னு லைட்டு பாத்துச் சொன்னேன்லா!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் பிறந்தநாள் வீட்டில், கேக் வெட்டப் போன பிள்ளையை நிறுத்தி, "ஜன்னல் பக்கமாத் திருப்புங்க" என்று ஒரு குரல் வந்ததே, அது யாருடையது? எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே!